சுவருக்கு மெத்தை

யூ டியூபில் யாராவது யாரையாவது பேட்டி காணும் வீடியோ ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்பதையெல்லாம் விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் சுவரை மட்டும் பாருங்கள். கறுப்பு நிறத்தில், ஓரடிச் சதுரங்களாக, கூம்பு கூம்பாக ஏதோ ஒட்டியிருக்கிறதா? பக்கத்தில் ஊதா நிற விளக்கு ஒன்று எரிகிறதா? அதுதான் அகூஸ்டிக் ஃபோம். ஒரு காலத்தில் பேட்டி என்றால் பின்னால் புத்தக அலமாரி இருக்கும். பேசுபவர் படித்தவர் என்று அர்த்தம். இப்போது ஃபோம். பேசுபவர் ஸ்டூடியோவில் இருக்கிறார் என்று அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால், நிறைய நேரம் அந்தப் பழைய புத்தக அலமாரியே ஒலிக்கு நல்லது. அது பிறகு.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஹோட்டல் சாம்பாருக்கு எழுதுகிறோம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கி, கோந்து தடவிச் சுவரில் ஒட்டி, அதன் நடுவே உட்கார்ந்து பாட்டு கேட்கும் ஒரு பொருளுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர், ஆன்லைனில் வகுப்பெடுக்கும் டீச்சர், டிரம்ஸ் கற்றுக்கொள்ளும் பையனைப் பெற்ற அப்பா என்று பலர் வாங்குகிறார்கள். இந்த வாரம் அதை விமர்சித்துவிடலாம்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் வீட்டில் சாமான் குறைவாக இருக்கிற அறைக்குப் போய் நடுவில் நின்று ஒரு தட்டு தட்டுங்கள். ‘டப்’ என்று முடிந்தால் சரி. ‘டப்ப்ர்ர்ர்’ என்று உலோகச் சத்தம் போல இழுத்தால் உங்கள் அறைக்கு வியாதி இருக்கிறது. ‘எக்கோ அடிக்குது’ என்போமே, அதுதான். எதிரெதிரே நிற்கும் இரண்டு வழவழப்பான சுவர்கள் ஒலியைப் பந்து மாதிரி மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருக்கின்றன.

புது ஃபிளாட்டுகளில் இது அதிகம். கீழே கண்ணாடி மாதிரி டைல்ஸ். மேலே கான்கிரீட். பக்கத்தில் புட்டி பூசித் தேய்த்த சுவர். ஜன்னலில் பெரிய கண்ணாடி. இதில் எதுவும் ஒலியை வாங்கிக்கொள்ளாது. வந்ததை வந்தபடி திருப்பி அனுப்பும். நம் தாத்தா வீட்டில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? நடுவில் முற்றம் இருந்தது. முற்றத்துக்குள் போன சத்தம் வானத்தோடு போயிற்று.

இதை நான் கவித்துவத்துக்காகச் சொல்லவில்லை. விஞ்ஞானம் அப்படித்தான் சொல்கிறது. பி.காம். படித்தவன் ஒலியியலில் தலையை நுழைக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக நுழைக்கலாம். ஓர் அறையின் ஒலி என்பது சுத்தமான வரவு செலவுக் கணக்கு. அந்தப் பேரேட்டை முதலில் எழுதியவர் வாலஸ் கிளமென்ட் சபைன் என்ற அமெரிக்கர்.

1895. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் மியூசியம் என்ற புதுக் கட்டடம். அதன் விரிவுரைக் கூடத்தில் புரொபசர் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் அது ஐந்தரை விநாடி வரை கூடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் இன்னும் பத்துப் பதினைந்து சொற்கள் பேசியிருப்பார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழ். ‘சரி பண்ணு’ என்று இளம் இயற்பியல் ஆசிரியர் சபைனிடம் ஒப்படைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 27.

சபைன் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து நாடக அரங்கான சாண்டர்ஸ் தியேட்டரிலிருந்து நாற்காலி மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிவந்து கூடத்தில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்திவிட்டு, சத்தம் காதுக்குக் கேட்காமல் போக எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். மெத்தையைக் கூட்டக் கூட்ட நேரம் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தாக வேண்டும். மறுநாள் ராத்திரி மறுபடி. ஒரு கட்டத்தில், தான் உடுத்தியிருக்கும் உடைகூடக் கொஞ்சம் ஒலியைக் குடிக்கிறது என்று கண்டுபிடித்தார். அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, தினமும் ஒரே உடையில் வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். நம்மூர் ஆடிட்டர்கள் கவனிக்கவும்.

கடைசியில் கிடைத்த சூத்திரம் ரொம்ப எளிமை. அறை எவ்வளவு பெரியதோ, சத்தம் அவ்வளவு நேரம் நிற்கும். உறிஞ்சுகிற பரப்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சீக்கிரம் அடங்கும். அந்த உறிஞ்சலை அளக்க ஓர் அலகு வேண்டுமே? சபைன் தேர்ந்தெடுத்தது திறந்த ஜன்னல். ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் வழியாகப் போன சத்தம் திரும்பி வராது. ஆகவே அது நூறு சதவீத உறிஞ்சல். மெத்தை, திரை, மனிதர் எல்லாவற்றையும் ‘எத்தனை சதுர அடி திறந்த ஜன்னலுக்குச் சமம்’ என்று கணக்கிட்டார். இன்றைக்கும் அந்த அலகுக்கு அவர் பெயர்தான். இந்தக் கணக்கை வைத்துக் கட்டிய முதல் இசையரங்கம் பாஸ்டன் சிம்பனி ஹால். 1900இல் திறந்தது, இன்றும் உலகத்தின் சிறந்த அரங்குகளில் ஒன்று.

இப்போது உங்கள் அறைக்கு வருவோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். 1200 கன அடி. இதை 0.049 என்ற எண்ணால் பெருக்கினால் சுமார் 59. உறிஞ்சும் பரப்பால் இந்த 59ஐ வகுத்தால் விநாடி கிடைக்கும். காலி அறையில் சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 680 சதுர அடி. ஆனால் வழவழப்பான பரப்பு நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். ஆக, 20 சதுர அடி ஜன்னலுக்குச் சமம். 59ஐ 20ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்று விநாடி. பேச்சுக்கு இது கொடுமை.

கடையிலிருந்து பன்னிரண்டு ஃபோம் ஷீட் வாங்கி ஒட்டுகிறீர்கள். ஓரடிக்கு ஓரடி, இரண்டு இன்ச் தடிமன். நடுத்தர ஒலிகளில் முக்கால்வாசி உறிஞ்சும் என்று தாராளமாகவே வைப்போம். ஒன்பது கூடியது. 59ஐ 29ஆல் வகுத்தால் இரண்டு விநாடி. பரவாயில்லை, மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அதற்குப் பதிலாக அதே அறையில் ஒரு கட்டிலைப் போட்டு மெத்தையை விரியுங்கள். முப்பது சதுர அடி மெத்தை பாதி உறிஞ்சினாலும் பதினைந்து. ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகக் கனமான திரை ஒன்று போட்டால் இன்னும் பத்து. நீங்கள் போய் உட்கார்ந்தால் ஐந்து. ஆமாம், நீங்களும் உறிஞ்சுகிறீர்கள்! கல்யாண மண்டபத்தில் காலையில் மைக் டெஸ்ட் செய்யும்போது கணகணவென்று இழுப்பதும், கூட்டம் வந்து உட்கார்ந்ததும் சரியாகிவிடுவதும் இதனால்தான். மொத்தம் 50. விநாடிக் கணக்கு 1.2. பன்னிரண்டு ஷீட் ஃபோம் செய்ய முடியாததை ஒரு மெத்தையும் ஒரு திரையும் செய்துவிட்டன. இரண்டும் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கின்றன.

இவ்வளவும் நடுத்தர ஒலிகளுக்கான கணக்கு. கீழ் ஸ்தாயிக்கு வந்தால் ஃபோமின் கதை கந்தல்.

ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. 4,000 ஹெர்ட்ஸ் கொண்ட கீச்சு ஒலியின் ஓர் அலை எட்டரை சென்டிமீட்டர் நீளம். 1,000 ஹெர்ட்ஸ் என்றால் ஓரடிக்குக் கொஞ்சம் மேல். 100 ஹெர்ட்ஸ் என்றால் 3.4 மீட்டர், அதாவது பதினோரு அடி! இப்படி ஓர் அலையை ஃபோம் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் அலையின் நீளத்தில் கால் பங்காவது தடிமன் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு இன்ச் ஃபோம் சுமார் 1,700 ஹெர்ட்ஸுக்கு மேலே கெட்டிக்காரன். அதற்குக் கீழே போகப் போகக் கை நழுவும். 100 ஹெர்ட்ஸைப் பிடிக்க ஏறக்குறைய மூன்றடித் தடிமன் வேண்டும். எல்லாச் சுவரிலும் மூன்றடி ஒட்டினால் அறையில் ஃபோம் இருக்கும், நீங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மிருதங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வலந்தலையில் விழும் ‘சாப்பு’, ‘நம்’ எல்லாம் மேல் ஒலி. தொப்பியில் எழும் ‘கும்’ கீழ் ஒலி. ஃபோம் ஒட்டிய அறை வலந்தலையை விழுங்கிவிட்டுத் தொப்பியை அப்படியே உலவ விடுகிறது. அறை முன்பைவிட அமைதியாகிவிட்டது போல ஒரு பிரமை தட்டும். உண்மையில் தெளிவு போய்விட்டது, உறுமல் இருக்கிறது. ‘ஃபோம் போட்ட பிறகு பாஸ் தூக்கலா இருக்கு’ என்று சிலர் சந்தோஷமாகச் சொல்வார்கள். பாஸ் கூடவில்லை. மற்றதெல்லாம் குறைந்துவிட்டது. சாம்பாரில் புளியை எடுத்துவிட்டு, உப்பு தூக்கலாக இருக்கிறது என்பது மாதிரி.

பாடுகிறவர்களைக் கேளுங்கள். நாலு சுவரும் ஃபோம் ஒட்டிய அறையில் தன் குரல் தனக்குத் திரும்பி வராது. தம்புரா போட்டாலும் ஒட்டாது. வராத குரலைத் தேடிக் கத்த ஆரம்பிப்பார்கள். அரை மணியில் தொண்டை போய்விடும். அதனால்தான் நல்ல ஒலிப்பதிவுக் கூடங்கள் எதிலும் ஃபோம் மட்டும் இருக்காது. சில இடத்தில் உறிஞ்சும், சில இடத்தில் மரப்பலகை வைத்து ஒலியைச் சிதறடிக்கும், மூலைகளில் தடிமனாகக் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்துத் துணி போர்த்தியிருக்கும். புத்தக அலமாரியின் பெருமையும் இதுதான். ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று தடி, ஒன்று ஒல்லி என்று நிற்கும் புத்தகங்கள் ஒலியைப் பல பக்கமும் கலைத்து அனுப்புகின்றன. நீங்கள் படிக்காத புத்தகமும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும்.

அந்தக் கூம்புகள் எதற்கு என்று கேட்கலாம். ஒலி சட்டென்று மோதாமல் படிப்படியாக உள்ளே நுழைய உதவும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி வியாபாரம். கூம்பு போட்ட ஃபோமைப் பெரும்பாலும் ஒரே பலகையிலிருந்து வெட்டுகிறார்கள். இதன் மேடு அதன் பள்ளம். ஒரு பலகையில் இரண்டு ஷீட், வேஸ்ட் இல்லை. காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எழுந்து நின்று கை தட்டுகிறேன். வாங்குபவர் என்ற முறையில் ஒரே ஒரு விஷயம் கவனியுங்கள். ‘இரண்டு இன்ச்’ என்பது கூம்பின் உச்சியில்தான். பள்ளத்தில் பாதிகூட இருக்காது.

இதுவரை சொன்னது குறைகள். இனி சொல்லப்போவது பொய்.

சென்னையில் ஒரு கடையில் வாடிக்கையாளர் ஒருவரிடம் விற்பனையாளர் சொல்லிக்கொண்டிருந்தார்: “இதை ஒட்டிட்டீங்கன்னா வெளிச் சத்தம் பொட்டு உள்ளே வராது சார். உள்ளே நீங்க கச்சேரியே வச்சாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.” ஆன்லைனில் தேடினாலும் ‘சவுண்ட் ப்ரூஃப் ஃபோம்’ என்றுதான் பாதிப் பேர் விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் நிறையப் பேருக்குத் தேவையும் அதுதான். ரோட்டு ஹாரன் உள்ளே வரக் கூடாது. பையனின் டிரம்ஸ் வெளியே போகக் கூடாது.

கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஃபோமை வாயருகே வைத்து ஊதுங்கள். மறுபக்கம் கையில் காற்று படும். பட வேண்டும், அதுதான் நல்ல ஃபோமுக்கு அடையாளம். நுண்ணிய துளைகளுக்குள் காற்று புகுந்து உரசித்தான் ஒலி அடங்குகிறது. தெர்மகோலில் ஊதினால் காற்று போகாது, அதன் குமிழ்கள் எல்லாம் மூடியவை. அதனால் அது ஒலியை உறிஞ்சவும் லாயக்கில்லை. சரி, காற்றே தாராளமாகப் போய் வரும் ஒரு பொருள் சத்தத்தை எப்படித் தடுக்கும்?

சபைனின் ஜன்னலை மறுபடி நினைத்துப் பாருங்கள். திறந்த ஜன்னல் நூறு சதவீதம் உறிஞ்சுகிறது. அதே ஜன்னல் பூஜ்ஜியம் சதவீதம் தடுக்கிறது. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. இந்த ஒரு வித்தியாசத்தை மறைத்துத்தான் இந்த வியாபாரத்தின் பாதி நடக்கிறது.

ஒலியைத் தடுக்க எடை வேண்டும். ஒன்பது இன்ச் செங்கல் சுவர் சதுர அடிக்குச் சுமார் நாற்பது கிலோ. ஃபோம் நூறு கிராம் சொச்சம். எடையை இரண்டு மடங்காக்கினால்தான் ஐந்தாறு டெசிபல் கூடுதலாகத் தடுக்கலாம் என்பது விதி. நாற்பது கிலோவோடு நூறு கிராமைச் சேர்ப்பது, நாற்பதாயிரம் சம்பளக்காரனுக்கு நூறு ரூபாய் இன்கிரிமென்ட் கொடுப்பது மாதிரி. வாழ்க்கை மாறாது.

அப்படியானால் சத்தம் எப்படி வருகிறது? சுவர் வழியாக இல்லை. சந்து வழியாக. ஒரு கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், அந்தக் கதவைத் தேக்கில் செய்தாலும் இரும்பில் செய்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. சாதாரணக் கதவுக்கு அடியில் இருக்கும் முக்கால் இன்ச் சந்து ஏறக்குறைய அந்த நூற்றில் ஒரு பங்குதான்! பன்னிரண்டு ஷீட் ஃபோமுக்குக் கொடுக்கிற பணத்தில் கதவைச் சுற்றி ரப்பர் பட்டையும் அடியில் ஒரு தடுப்பும் போட்டால் நிஜமாகவே வித்தியாசம் தெரியும். முட்டை அட்டையை ஒட்டுகிற ஆசாமிகளும் உண்டு. அதற்கு ஃபோமின் உறிஞ்சலும் இல்லை, சுவரின் எடையும் இல்லை. நன்றாக எரியும். அவ்வளவுதான்.

‘நன்றாக எரியும்’ என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். அதைச் சாதாரணமாக விட முடியாது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்ற ஊர். அங்கே ‘தி ஸ்டேஷன்’ என்று ஓர் இசை விடுதி. சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்து வீட்டார் புகார் செய்தார்கள். விடுதிக்காரர்கள் மேடையைச் சுற்றிச் சுவரில் ஃபோம் ஒட்டினார்கள். ஒலிக்கென்று செய்த ஃபோம்கூட இல்லை, பார்சல் கட்டுகிற மலிவான பாலியூரித்தேன் ஃபோம். தீயைத் தாக்குப் பிடிக்கும் ரசாயனம் எதுவும் அதில் இல்லை. 2003 பிப்ரவரி 20 இரவு ஒரு ராக் குழு முதல் பாட்டை ஆரம்பித்தது. மேடையில் மத்தாப்பு கொளுத்தினார்கள். பொறி ஃபோமில் பட்டது. கொஞ்ச நேரம் ரசிகர்கள் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். ஓரிரு நிமிடங்களில் கூடம் முழுக்கக் கறும்புகை. வந்த வாசலை நோக்கியே எல்லோரும் ஓடி, அங்கேயே நெரிந்து விழுந்தார்கள். நூறு பேர் இறந்தார்கள்.

கவனித்தீர்களா? புகார், சத்தம் வெளியே போகிறது என்பது. வாங்கியது, சத்தத்தைத் தடுக்கவே முடியாத பொருள். தப்பான மருந்தை வாங்கியதற்கு நூறு உயிர்.

இத்தோடு உலகம் பாடம் படித்திருக்க வேண்டும். 2013 ஜனவரி 27, பிரேசிலின் சான்டா மரியா நகரம், ‘கிஸ்’ என்ற விடுதி. ஒலிக்காகக் கூரையில் ஒட்டிய ஃபோம், மேடையில் வாணம். 242 பேர். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். 2015 அக்டோபர் 30, ருமேனியாவின் புகாரெஸ்ட், ‘கொலெக்டிவ்’ என்ற விடுதி. தூணில் ஃபோம், மேடையில் பூவாணம். 64 பேர். அந்த ஊர் மக்கள் வீதிக்கு வந்து போராடியதில் பிரதமரே பதவி விலகினார். மூன்று கண்டங்கள், பன்னிரண்டு வருடங்கள், ஒரே மாதிரி சாவு. எரியும் பாலியூரித்தேன் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் கக்குகிறது. நெருப்பு தொடுவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும்.

தலைக்கு மேலே எரிகிற பொருள் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்கு வெளிநாட்டுக்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம். கீற்றுக் கூரையின் கீழ் 94 குழந்தைகளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். கீற்றை மாற்றினோம். இன்றைக்குச் சின்ன ஸ்டூடியோக்களில் பாருங்கள். ஜன்னலை அடைத்துவிட்டார்கள். ஒரே கதவு. நாலு சுவரிலும் கூரையிலும் ஃபோம். அதை ஒட்டியபடி சூடேறும் விளக்குகள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து கிளை பிரியும் ஒயர்கள். அதற்குள் ஒருவர் உட்கார்ந்து மன அமைதி பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் ஃபோமையே தடை செய்துவிடலாமா? வேண்டாம். அது ஒரு சின்ன வேலைக்காரன். அவனுக்கென்று உள்ள வேலையைக் கொடுத்தால் ஒழுங்காகச் செய்வான். அறைக்குள் பேசும் பேச்சு அறைக்குள்ளேயே தெளிவாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை.

அந்த வேலை யாருக்கு அவசரமாகத் தேவையோ, அவர்களுக்கு மட்டும் யாரும் செய்து தருவதில்லை. பள்ளிக்கூட வகுப்பறையைச் சொல்கிறேன். சிமென்ட் தரை, சிமென்ட் கூரை, நாற்பது பிள்ளைகள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசுகிறார். உயிரெழுத்துகளுக்குக் குரலின் பலம் உண்டு, எப்படியும் போய்ச் சேரும். மெய்யெழுத்துகளின் நுணுக்கம் பெரும்பாலும் மேல் ஒலிகளில் இருக்கிறது. எக்கோவில் முதலில் கரைவது அதுதான். வலி, வழி, வளி மூன்றும் கடைசி பெஞ்சில் ஒரே சொல். ‘பள்ளிக்குப் போனான்’ என்று டீச்சர் சொன்னது பல்லியாகப் போய்ச் சேர்ந்தால் குற்றம் பையன் மேலா? அவனுக்கு ‘கவனம் இல்லை’ என்று ரேங்க் கார்டில் எழுதிவிடுகிறோம். நடுத்தர அளவு வகுப்பறையில் சத்தம் 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2002லேயே ஒரு தரக்குறியீடு வெளியிட்டார்கள். நம் வகுப்பறைகளில் போய்க் கை தட்டிப் பாருங்கள். அதற்காகப் பள்ளியில் போய் மலிவு ஃபோம் ஒட்டாதீர்கள். எரியாத கனிம இழையில் செய்த கூரைப் பலகைகள் இருக்கின்றன. பின் சுவரில் நல்ல தடிமனான நோட்டீஸ் போர்டு வைத்தால்கூடக் கொஞ்சம் உதவும். டீச்சரின் தொண்டையும் பிழைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ‘எனக்கு ஃபோம் வேண்டும்’ என்றால், வாங்குங்கள். சில யோசனைகள் மட்டும்.

சுவர் முழுக்க ஒட்டாதீர்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பக்கச் சுவரில் ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் முதல் எதிரொலி பிறக்கிறது. அங்கே ஒட்டினால் நாலு ஷீட், நாற்பது ஷீட்டின் பலனைத் தரும்.

தடிமனைக் கூட்டுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். நாலு இன்ச் ஷீட் பாதி அளவு கிடைத்தாலும் அது மேல். சுவரோடு ஒட்டாமல் ஒரு சட்டத்தில் கட்டிக் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்தினால் இன்னும் கீழே இறங்கிப் பிடிக்கும். வாடகை வீட்டில் பெயின்ட்டும் பிழைக்கும்.

தீச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். ‘ஃபயர் ப்ரூஃப் சார்’ என்ற வாய் வார்த்தை செல்லாது. சுவரில் ஒட்டிய நிலையில் தீ எப்படிப் பரவுகிறது, எவ்வளவு புகை வருகிறது என்று அளக்கும் ஏ.எஸ்.டி.எம். இ-84 மாதிரியான சோதனை உண்டு. அந்தக் காகிதத்தில் நீங்கள் வாங்கும் பொருளின் பெயரும் தடிமனும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக அதன்மேல் விளக்கு மாட்டாதீர்கள், ஒயர் இழுக்காதீர்கள்.

பழசாகிவிட்டால் கழற்றிவிடுங்கள். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் சில வகை ஃபோம்கள் சில வருடங்களில் உதிர ஆரம்பிக்கும். தொட்டால் பொடியாகக் கையோடு வரும். அதைத்தான் மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைசியாக, மாடி வீட்டில் காலை ஆறு மணிக்கு மிக்ஸி ஓடுகிறது, அதற்கு என்ன ஃபோம் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு. எதுவும் உதவாது. அந்தச் சத்தம் காற்றில் வரவில்லை. மேடைக் கல்லில் இறங்கி, சுவரில் இறங்கி, உங்கள் கூரையே ஸ்பீக்கராகி ஒலிக்கிறது. மிக்ஸிக்கு அடியில் தடிமனான ரப்பர் மேட் ஒன்று போட்டால் பாதி அடங்கிவிடும். அதை வாங்க வேண்டியது நீங்கள். போட வேண்டியது மாடி வீட்டு மாமி. போகும்போது கையோடு கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டு போங்கள். சட்னி அரைக்கிற நேரத்தில் மட்டும் போகாதீர்கள். நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்காது.